தோத்தவங்க புலம்பல் இழை: ஜெயிச்சவங்களும் வரலாம், டர்க்கி பிரியாணி மிச்சம் இருக்கு

பார்சிப்பனி பரமு
30 நவம்பர் 2024, இரவு 10.40

அமெரிக்க ஜனாதிபதி தேர்தல்ல எங்க கமலா ஹாரிஸ் ட்ரம்ப்கிட்ட தோத்து இருபத்தஞ்சு நாள் ஆகுது, இன்னைக்குத்தான் கார் டிக்கியை சுத்தம் பண்ணேன். உள்ள ஒரு அட்டைப்பெட்டி. அதுல கமலா மூஞ்சி போட்ட நோட்டீஸ் ஒரு அறுபது எழுபது இருக்கும், ரப்பர் பேண்டு கூட பிரிக்கல. (இதுக்கு எங்க ஆளுங்க வச்சிருக்குற பேரு 'லிட்', அதாவது லிட்டரேச்சராம். ஒரு பக்கம் சிரிச்ச முகம், மறுபக்கம் நாலு பாயின்ட், இதுல என்ன இலக்கியம்னு இதுவரைக்கும் புரியல.) தூக்கிப் போட மனசு வரல. வச்சிக்கிட்டும் பிரயோஜனம் இல்ல, பலசரக்கு லிஸ்ட் எழுதலாம்னா ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருக்கு.

நான் 2015ல சிட்டிசன் ஆனவன். ஜனாதிபதி தேர்தல்ல மூணு தடவை ஓட்டு போட்டிருக்கேன், அதுல ரெண்டு தோல்வி. நியூஜெர்சில எப்படியும் நம்ம கட்சிதான், அதாவது டெமாக்ராட்தான், ஜெயிக்கும்ங்கற தைரியத்துல, அக்டோபர்ல மூணு சனிக்கிழமை 78ம் நம்பர் ரோட்ட புடிச்சு ஒரு மணி நேரம் ஓட்டிக்கிட்டு பென்சில்வேனியா ஈஸ்டனுக்கு ஓட்டு கேட்டு கதவு தட்டப் போனேன். நார்தாம்ப்டன் கவுண்டி (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). ஒபாமாவுக்கு ரெண்டு தடவை, அப்புறம் ட்ரம்புக்கு, அப்புறம் பைடனுக்குன்னு காத்து அடிக்கிற பக்கம் சாயுற ஊரு. பக்கத்துலதான் பெத்லஹேம், அங்க இரும்பாலைல உலை அணைஞ்சது 1995ல, அந்த இடத்துல இப்ப கேசினோ ஓடுது.

கதவு தட்டுற வேலை எப்படின்னா, போன்ல மினிவேன்னு ஒரு ஆப் கொடுப்பாங்க, உங்க டர்ஃப்ல, அதாவது உங்களுக்கு ஒதுக்கின தெருக்கள்ல, எந்தெந்த வீடு, உள்ள யாரு, எத்தனை வயசு, எந்த கட்சில பதிஞ்சிருக்காங்க எல்லாம் வரும். தட்டணும், ஸ்க்ரிப்ட் படிக்கணும், ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். ஒண்ணுன்னா நம்மாளு, அஞ்சுன்னா அவங்காளு. பாதி வீட்டுல ஆளே வராது, பெல்லுல இருக்குற கேமராவே 'வேணாம் போயிடு'ன்னு பேசும், நீங்களும் கேமராவப் பாத்து தேங்க்யூ சொல்லிட்டு நடக்கணும்.

ஒரு வீட்டுல 71 வயசு பெரியவர், லிஸ்ட்ல டெமாக்ராட்னு போட்டிருக்கு. போர்ச்சுல ரெண்டு மரக்குதிரை மேல வெளிக்கதவை கழட்டிப் போட்டு கீல் மாத்திக்கிட்டு இருந்தாரு. நான் ஸ்க்ரிப்ட்படி "இந்த தேர்தல்ல உங்களுக்கு ரொம்ப முக்கியமான பிரச்சனை எது"ன்னேன். ஸ்க்ரூவ வாயில கவ்விக்கிட்டே "இது நீயா கேக்குறியா, போன்ல எழுதியிருக்கா"ன்னாரு. போன்ல எழுதியிருக்குன்னேன். சிரிச்சிட்டு, "சரி, இந்தப் பக்கம் புடி"ன்னு கதவத் தூக்கி என் கையில கொடுத்துட்டாரு. அமெரிக்காவுல கதவு தட்டப் போய் இருபது நிமிஷம் கதவைப் புடிச்சிக்கிட்டு நின்ன ஒரே தமிழன் நானாத்தான் இருப்பேன்.

அந்த இருபது நிமிஷத்துல எல்லாம் பேசினாரு. பென்சில்வேனியால குறைஞ்சபட்ச கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர்தான், பேத்தி வேர்ஹவுஸ்ல நிக்கிறா, இது வெக்கக்கேடுன்னாரு. கருக்கலைப்பு என் பொண்ணு விஷயம், கவர்மென்ட்டுக்கு என்ன வேலைன்னாரு. இன்சுலின் 35 டாலருக்கு வருதாம், ரொம்ப சந்தோஷம், ட்ரம்ப் செஞ்சு கொடுத்தாருன்னாரு! ஐயா அது 2022ல பைடன் கையெழுத்து போட்ட சட்டம், ஒரு ரிபப்ளிகன் கூட அதுக்கு ஓட்டு போடலன்னு சொல்ல வாயெடுத்தேன், கதவு ஆடிச்சு, "அசையாம புடி"ன்னாரு. கடைசில சொன்னாரு: அந்தாளு வாயத் தொறந்தா பாதி பொய்னு எனக்கும் தெரியும், ஆனா உங்காளுங்க டிவில பேசுறதைக் கேட்டா நான் ஏதோ ஹோம்வொர்க் பண்ணாம கிளாசுக்கு வந்தவன் மாதிரி இருக்கு.

ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தாரு. நான் ஆப்புல அவருக்கு 3 போட்டேன், அதாவது இன்னும் முடிவு பண்ணலன்னு. மனசறிஞ்ச பொய். எங்க டேட்டா எல்லாம் இந்த லட்சணத்துலதான் மேல போயிருக்கும்.

இதுல நவம்பர் 2ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அயோவா ஸ்டேட் கருத்துக்கணிப்பு வேற வந்துச்சு, கமலா 3 பாயின்ட் (சதவீதம்) முன்னாடின்னு. போட்ட அம்மா ஆன் செல்சர், அதுவரைக்கும் அவங்க வாக்கு வேத வாக்கு. அன்னைக்கு நைட்டு எங்க வாட்ஸாப் குரூப்ல தீபாவளி (நெஜ தீபாவளி ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சிருந்தது). கடைசில அயோவால ட்ரம்ப் ஜெயிச்சது 13 பாயின்ட்ல.

சரி, இந்த இழையோட விஷயத்துக்கு வரேன். மிசூரி ரிசல்ட் பாத்தீங்களா? ட்ரம்ப் 18 பாயின்ட்ல ஜெயிச்சாரு. இங்க சில ஸ்டேட்ல ஓட்டுச் சீட்டுலயே சட்டம் பத்தியும் ஜனங்ககிட்ட நேரடியா கேள்வி கேப்பாங்க. அதே சீட்டுல, அதே பேனாவால, கூலியை 15 டாலரா ஏத்துறதுக்கும் சம்பளத்தோட சிக் லீவுக்கும் கிட்டத்தட்ட 58 சதவீதம் ஆமான்னு குத்தியிருக்காங்க, கருக்கலைப்பு உரிமையும் பாஸ் ஆயிருக்கு. மொன்டானா அரிசோனா ரெண்டுலயும் ட்ரம்பும் பாஸ், கருக்கலைப்பும் பாஸ். ஃப்ளோரிடால 57 சதவீதம் வந்தும் 60 வேணும்னு ரூல் இருக்குறதால போச்சு. அப்ப என்ன அர்த்தம், சரக்கு எல்லாம் நம்ம கடை சரக்கு, ஜனம் வாங்குது, ஆனா கல்லால உக்காந்திருக்குற நம்ம மூஞ்சியப் பாத்தா மட்டும் எதிர்க்கடைக்கு போயிடுது. எனக்கு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சதுல இதுக்கு மேல ஒண்ணும் தோணல. திட்டுறவங்க திட்டலாம்.

---

டல்லாஸ் பாண்டி
1 டிசம்பர் 2024, காலை 8.15

அண்ணே, முதல்ல டர்க்கில பிரியாணி போட்டதுக்கே உங்க கட்சி தோத்திருக்கணும். அது கோழிலயும் சேத்தி இல்ல ஆட்டுலயும் சேத்தி இல்ல.

நான் ட்ரம்புக்குத்தான் போட்டேன், ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. உங்க பெரியவர் சொன்னது பாதி சரி. இன்சுலின் 35 டாலர் திட்டம் முதல்ல ட்ரம்ப் காலத்துலதான் வந்துச்சு, 2020ல அறிவிச்சாங்க, கம்பெனிங்க இஷ்டப்பட்டா சேரலாம்ங்கற மாதிரி. பைடன் அதை மெடிகேர்ல (வயசானவங்களுக்கான கவர்மென்ட் இன்சூரன்ஸ்) எல்லாருக்கும் சட்டமாக்கினாரு. நீங்க அன்னைக்கு கதவை விட்டுட்டு லெக்சர் எடுத்திருந்தா பாதி தப்பாத்தான் எடுத்திருப்பீங்க, இதுதான் உங்காளுங்க பிரச்சனையே.

அப்புறம் இந்த சரக்கு நல்ல சரக்கு, மூஞ்சிதான் சரியில்லங்கறது எல்லாம் தோத்தவங்க வழக்கமா சொல்லிக்கிறது. கலிஃபோர்னியா என்ன பண்ணுச்சு பாத்தீங்களா? அங்க உங்க மூஞ்சி மேல யாருக்கும் வெறுப்பு கிடையாது, கமலா அந்த ஊர் பொண்ணு, 20 பாயின்ட்ல ஜெயிச்சாங்க. அதே சீட்டுல கூலி 18 டாலரா ஏத்தலாமான்னு கேட்டதுக்கு வேணாம்னுட்டாங்க, திருட்டு கேசுக்கு தண்டனைய கூட்டுன்னு மூணுல ரெண்டு பங்கு பேருக்கு மேல குத்திட்டாங்க, ஜெயில்ல கட்டாய வேலையை நிறுத்தலாமான்னா அதுக்கும் நோ. அப்ப அங்க மூஞ்சி புடிச்சிருக்கு, சரக்குதான் புடிக்கல. இதுக்கு பதில் சொல்லுங்க.

மெக்சிகோ பார்டர் பத்தி ஒரு வார்த்தை கூட நீங்க எழுதலயே? நான் கிரீன் கார்டுக்கு பதினோரு வருஷம் லைன்ல நின்னவன். பார்டர்ல பிரச்சனைன்னு சொன்னவன எல்லாம் மூணு வருஷமா இனவெறியன்னு சொல்லிட்டு, இந்த வருஷம் ஜூன்ல பைடனே கதவை பாதி சாத்தி ஆர்டர் போட்டாரு. டெக்சஸ்ல ஸ்டார் கவுண்டி, முழுக்க மெக்சிகன் வம்சாவளி ஜனம், 1892க்கு அப்புறம் முதல் தடவையா ரிபப்ளிகனுக்கு விழுந்திருக்கு. அவங்களுக்கும் ஹோம்வொர்க் கொடுங்க.

வியூன்னு ஒரு டிவி ஷோல கமலாகிட்ட கேட்டாங்களே, பைடன் செஞ்சதுல நீங்க எதை வேற மாதிரி செஞ்சிருப்பீங்கன்னு. தோசை சுட்டு, பிச்சு, சட்னில தொட்டு வாயில வைக்கிற மாதிரி கேள்வி. ஒண்ணும் தோணலைன்னாங்க. நான் அங்கயே டிவிய ஆஃப் பண்ணிட்டேன்.

---

கணக்குப்புள்ள
1 டிசம்பர் 2024, காலை 11.02

ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. கலிஃபோர்னியா ஒருவழியா எண்ணி முடிக்கப் போறாங்க, கிட்டத்தட்ட இறுதி நிலவரம்: ட்ரம்ப் 7.7 கோடி, கமலா 7.5 கோடி. வித்தியாசம் ஒண்ணரை சதவீதம். ட்ரம்ப் 50 சதவீதத்துக்கு கீழ வந்தாச்சு. எலக்டோரல் கணக்குல (ஸ்டேட் ஸ்டேட்டா ஜெயிச்சு சேக்குற ஓட்டு, அதுதான் ஜனாதிபதிய முடிவு பண்ணும்) 312க்கு 226ன்னு பாத்தா சுனாமி மாதிரி தெரியும், ஆனா பென்சில்வேனியால 1.2 லட்சம், மிச்சிகன்ல 80,000, விஸ்கான்சின்ல 29,000, முடிவையே மாத்தியிருக்கக்கூடிய இந்த மூணு ஸ்டேட்டும் சேத்து 2.3 லட்சம் வித்தியாசம். 15 கோடிக்கு மேல ஓட்டு விழுந்த தேர்தல்ல இது சுனாமியும் இல்ல, 'மக்கள் எங்களைப் புரிஞ்சிக்கல'ன்னு காவியம் எழுதுற அளவுக்கு சோகமும் இல்ல.

இந்த வருஷம் உலகம் பூரா பாருங்க. பிரிட்டன்ல ஆண்ட கட்சி காலி, ஜப்பான்ல மெஜாரிட்டி போச்சு, தென்னாப்பிரிக்கால மண்டேலா கட்சிக்கே மெஜாரிட்டி இல்ல, இந்தியாவுல பிஜேபி 240ல நின்னுச்சு. எல்லா ஊர்லயும் கல்லால இருந்தவனுக்கு அடி. 2022 ஜூன்ல இங்க பணவீக்கம் 9.1 போச்சு, இந்த அக்டோபர்ல 2.6க்கு இறங்கிடுச்சு. ஆனா இறங்கினது ஏறுற வேகம்தானே தவிர ஏறின விலை அங்கயேதான் நிக்குது, இந்த வித்தியாசத்தை முட்டை வாங்குறவங்ககிட்ட விளக்கிப் பாருங்க, முட்டையாலயே அடிப்பாங்க.

பரமு அண்ணனுக்கு மட்டும் ஒண்ணு. நியூஜெர்சில 2020ல பைடன் 16 பாயின்ட்ல ஜெயிச்சாரு. இந்த தடவை கமலாவுக்கு 6 கூட முழுசா வரல. உங்க பக்கத்து கவுண்டி பசாயிக், ட்ரம்ப் ஜெயிச்சிருக்காரு. நீங்க 'எப்படியும் நம்ம கட்சிதான்'னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு ஈஸ்டன் போன நேரத்துல, வீட்டுல இருந்து இருபது நிமிஷத்துல வீடு இடிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு.

---

ஊர்சுத்தி
1 டிசம்பர் 2024, பகல் 12.30

கணக்கு அண்ணே இது அடி இல்ல, இடி 😂

டர்க்கி பிரியாணிக்கு தயிர் ஊறவைக்கணுமா? சீரியசா கேக்குறேன்.

---

பார்சிப்பனி பரமு
1 டிசம்பர் 2024, இரவு 9.20

முந்தின நாள் நைட்டே ஊறவைக்கணும், இல்லன்னா நெஞ்சுக்கறி ரப்பரா இருக்கும்.

கணக்கு, நீ சொன்னதைப் படிச்சிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பேட்டர்சன் பசாயிக் எல்லாம் நான் வாரம் தவறாம போற ஊரு. டயர் மாத்துறது அங்க, முடி வெட்டுறது அங்க. முடி வெட்டுறவரு டொமினிகன், எட்டு வருஷப் பழக்கம், என் பையனுக்கு முதல் மொட்டைக்கு அப்புறம் முதல் கிராப் அடிச்சவரு. செப்டம்பர்ல ஒரு நாள் என் சட்டைல குத்தியிருந்த கமலா பட்டனைப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம கழுத்துல துணியை மட்டும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாரு. நான் அவரு நம்ம ஆளுன்னே நெனச்சிக்கிட்டு, கேக்கவே இல்ல. ஆப்புல அவர் பேரு இல்லயே! ஆப்புல பேரு இருந்தாத்தான் மனுஷன்கிட்ட பேசணும்ங்கற பழக்கம் வந்துடுச்சு.

இன்னொரு விஷயம், இதை வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. லிபரல்களுக்கு தோத்தாலும் ஒரு ஆறுதல் இருந்துச்சு. 2000ல அல் கோருக்கு 5 லட்சம் ஓட்டு ஜாஸ்தி, ஃப்ளோரிடால 537 ஓட்டுல போச்சு, சுப்ரீம் கோர்ட் மேல பழி. 2016ல ஹிலரிக்கு 28 லட்சம் ஜாஸ்தி, எலக்டோரல் காலேஜ் மேல பழி. அஞ்சே முக்கால் லட்சம் பேர் இருக்குற வயோமிங்குக்கும் ரெண்டு செனட்டர், நாலு கோடிய தொடுற கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டு செனட்டர், அதனால அமைப்பு மேல பழி. ஜனம் நம்ம பக்கம்தான், மெஷின்லதான் கோளாறுன்னு பதினாறு வருஷமா, இல்ல இருபது வருஷமா தலகாணிக்கு அடியில வச்சு தூங்கினோம். இந்த தடவை மொத்த ஓட்டும் அவருக்கு. 2004 புஷ்ஷுக்கு அப்புறம் ரிபப்ளிகன் இதுல ஜெயிக்கிறது இதுதான் முதல் தடவை. தலகாணிய உருவிட்டாங்க.

பாண்டி, கலிஃபோர்னியா கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. என் தியரில ஓட்டை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா முழுசா விட மாட்டேன், மிசூரிய நீயும் விளக்கல.

---

மிச்சிகன் மீனா
2 டிசம்பர் 2024, காலை 6.50

பரமு அண்ணா, நீங்க எல்லாரும் முட்டை, பார்டர், மூஞ்சின்னு பேசுறீங்க, காசா போர்ங்கற வார்த்தையே இந்த இழைல வரல, அது எனக்கு ஆச்சரியமா கூட இல்ல ஏன்னா கட்சியும் அப்படித்தான் இருந்துச்சு.

எங்க ஏரியா, அரபு வம்சாவளி ஜனம் நிறைய இருக்குற டியர்பார்ன்ல இருந்து பத்து பதினஞ்சு நிமிஷம். பிப்ரவரி பிரைமரில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற ஓட்டு) ஒரு லட்சம் பேருக்கு மேல 'அன்கமிட்டட்'னு, அதாவது யாருக்கும் இல்லைன்னு குத்தி, இதோ பாருங்க நாங்க இருக்கோம், எங்ககிட்ட வந்து பேசுங்கன்னு சொன்னாங்க, அதுக்கு மேல ஒரு ஜனம் எப்படிங்க சொல்லும், மைக் போட்டா சொல்லும்? ஆகஸ்ட்ல சிகாகோ மாநாட்டுல ஒரு பாலஸ்தீன வம்சாவளி ஆளுக்கு அஞ்சு நிமிஷம் மேடை கொடுங்கன்னாங்க, கொடுக்கல. அக்டோபர்ல கமலா லிஸ் செனியை கூட்டிக்கிட்டு மிச்சிகன் வந்தாங்க, ஈராக் போர் சமயத்துல துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி பொண்ணு, ஈராக் போர்ல செத்தவங்க சொந்தக்காரங்க வாழுற ஊர் பக்கத்துல. இந்த ஐடியாவ யாரு சொன்னாங்களோ அவங்களுக்கு சம்பளமும் கொடுத்திருப்பாங்க. டியர்பார்ன் ரிசல்ட்: ட்ரம்ப் 42 சதவீதம், கமலா 36, மூணாவது கட்சி ஜில் ஸ்டைன் 18. நாலு வருஷம் முன்னாடி பைடன் அங்க அள்ளிக்கிட்டு போனாரு.

என்கூட வேலை பாக்குற லெபனான் பொண்ணு, தெக்கு லெபனான்ல அவங்க பாட்டி வீடு இருந்த தெருவே இல்ல. ஓட்டு போட்டியான்னு நானும் கேட்டேன். போட்டேன், ஸ்கூல் போர்டுல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்துக்கும் போட்டேன், மேல முதல் கட்டத்தை மட்டும் காலியா விட்டுட்டேன்னா. நான் கமலாவுக்குத்தான் போட்டேன். போட்டுட்டு வந்து அவ மூஞ்சிய பாக்க முடியல. ட்ரம்ப் வந்தா காசாவுக்கு இன்னும் மோசம்னு நான் சொன்னதுக்கு அவ, "இருக்கலாம், ஆனா அதை சொல்ற உரிமை உனக்கு எங்க இருந்து வந்துச்சு"ன்னு கேட்டா, நான் காபி ஆறுதுன்னு எந்திரிச்சு போயிட்டேன்.

மிச்சிகன்ல 80,000 வித்தியாசம், டியர்பார்ன் முழுசா விழுந்தாலும் ஜெயிச்சிருக்க முடியாதுன்னு கணக்கு அண்ணன் வந்து சொல்லுவாரு, தெரியும், சொல்ல வேணாம்.

---

கணக்குப்புள்ள
2 டிசம்பர் 2024, காலை 9.05

சொல்லல தாயி.

---

மன்னார்குடி தியாகு
2 டிசம்பர் 2024, காலை 10.30 (நம்ம ஊர்ல ராத்திரி 9)

வணக்கம் சார், நான் ஊர்ல இருந்தே படிக்கிறவன். துளசேந்திரபுரம் எங்களுக்கு பக்கம்தான், என் மச்சான் அந்த ஊர். கமலாவோட அம்மாவழி தாத்தா ஊரு. தேர்தல் அன்னைக்கு தர்மசாஸ்தா கோயில்ல அபிஷேகம், பேனர், வெள்ளைக்கார ரிப்போர்ட்டருங்க. அந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஓட்டு கிடையாது, ஆனா டென்ஷனப் பாத்தா அங்கதான் பூத்துன்னு நெனைப்பீங்க. நியூஸ் வந்ததும் டிவி வேன் எல்லாம் ஒரு மணி நேரத்துல கிளம்பிடுச்சு, வடை போட்டு வச்சிருந்த டீக்கடைக்காரருக்குத்தான் நஷ்டம், இதை அவரே மச்சான்கிட்ட சொன்னாராம். அந்தப் பக்கம் ஆந்திரால வட்லூருன்னு ஒரு ஊரு, ட்ரம்ப்கூட துணை ஜனாதிபதிக்கு நின்ன வான்ஸோட சம்சாரம் உஷாவோட பூர்வீகம், அவங்களும் பூஜை போட்டிருக்காங்க. சாமி அந்த தடவை தெலுங்குல கேட்டிருக்காரு போல.

எனக்கு ஒரு டவுட்டு. நம்ம ஊர்ல எலக்ஷன் கமிஷன்னு ஒண்ணு இருக்கு, தேதி சொல்லும், ஒரே நாள்ல எண்ணிடும். அங்க யாரு சார் எண்ணுறது? கலிஃபோர்னியா ஏன் இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கு?

---

கணக்குப்புள்ள
2 டிசம்பர் 2024, பகல் 1.15

தியாகு தம்பி, நாடு முழுக்க தேர்தல் நடத்துற ஒரே ஆபீஸ்னு இங்க ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் சட்டம், அதுக்குள்ள கவுண்டிங்கதான் நடத்தும், எண்ணும். கலிஃபோர்னியால எல்லாருக்கும் தபால்ல சீட்டு வரும், தேர்தல் நாள் முத்திரை இருந்தா ஏழு நாள் கழிச்சு வந்தாலும் செல்லும், ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து பாக்கணும். பென்சில்வேனியால தபால் சீட்டை தேர்தல் அன்னைக்கு காலைல 7 மணிக்கு முன்னாடி கவரைக் கிழிக்கவே கூடாது. ஜெயிச்சது யாருன்னு முதல்ல அறிவிக்கிறது கவர்மென்ட்டும் இல்ல, ஏபி மாதிரி செய்தி ஏஜென்சிங்க. 6ம் தேதி விடிகாலை அஞ்சரைக்கு ஏபி விஸ்கான்சினை ட்ரம்புக்குன்னு போட்டதும் ஜெயிக்கத் தேவையான 270 எலக்டோரல் ஓட்டு தாண்டிடுச்சு, அதோட முடிஞ்சது.

---

பார்சிப்பனி பரமு
2 டிசம்பர் 2024, இரவு 10.05

மீனா, பதில் இல்லம்மா. எங்க குரூப்ல காசா பத்தி யாராவது ஆரம்பிச்சா 'தேர்தல் முடியட்டும்'னு அமுக்கினதுல நானும் ஒருத்தன்.

தியாகு, அந்த டீக்கடை வடைக்கு நான் காசு அனுப்புறேன், நெஜமாத்தான்.

குப்பைக் கதையை யாரும் சொல்லலயே. அக்டோபர் 27 நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடந்த ட்ரம்ப் கூட்டத்துல ஒரு காமெடியன் போர்ட்டோ ரிக்கோவை மிதக்குற குப்பைன்னான். ஈஸ்டனுக்கு பக்கத்துல ஆலன்டவுன், அங்க போர்ட்டோ ரிக்கோ ஜனம் ஏகப்பட்டது. நாங்க எல்லாம் 'முடிஞ்சது கதை'ன்னு கைதட்டினோம். ரெண்டே நாள், பைடன் ட்ரம்ப் ஆதரவாளர்களைத்தான் குப்பைன்னு சொன்னாருன்னு சர்ச்சை. அடுத்த நாள் ட்ரம்ப் ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டு விஸ்கான்சின்ல குப்பை லாரில ஏறி உக்காந்துட்டாரு. கூட்டத்துல எடுத்த கல்லை நம்மாளே நம்ம தலைல போட்டுக்கிட்டாரு, அந்தாளு அதை எடுத்து வீடு கட்டிட்டாரு. மனுஷன் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் அந்த லாரிய பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சிட்டு, 'ஐயோ போச்சு'ன்னு தோணினதும் அப்பத்தான்.

---

சின்சினாட்டி பெரியவர்
3 டிசம்பர் 2024, காலை 7.30

தம்பிங்களா, நான் 1971ல படிக்க வந்தவன். 72ல எனக்கு ஓட்டு கிடையாது, ஹாஸ்டல்ல டிவி பாத்தேன். டெமாக்ராட் மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் வாஷிங்டன் டிசியும் மட்டும்தான், மிச்சம் 49 ஸ்டேட்டும் நிக்சனுக்கு. ரூம்ல இருந்த பசங்க டெமாக்ராட் கட்சியவே மூடிடலாம்னாங்க. ரெண்டு வருஷத்துல நிக்சன் ராஜினாமா, ரோட்டுல வண்டிங்க பின்னாடி 'என்னை குத்தம் சொல்லாதே, நான் மாசசூசெட்ஸ்'னு ஸ்டிக்கர்.

2004ல இதே ஒஹாயோல டெமாக்ராட் கெர்ரிக்கு ஓட்டு போட மழைல லைன்ல நின்னேன். 1.18 லட்சம் ஓட்டுல போச்சு. அதே சீட்டுல ஒரே பாலினக் கல்யாணத்துக்கு தடை, அதுக்குன்னே வந்த கூட்டத்துல கெர்ரி காலியாயிட்டாருன்னு அப்ப பேச்சு. அடுத்த நாள் பேப்பர் எல்லாம், லிபரல்களுக்கு ஜனங்களோட பாஷை தெரியல, இனி ஒரு தலைமுறைக்கு எந்திரிக்க முடியாதுன்னு. பரமு இப்ப எழுதினதேதான், மிசூரிக்கு பதில் வேற ஊர் பேரு. நாலு வருஷத்துல ஒபாமா. உடனே ரிபப்ளிகன் கட்சி முடிஞ்சதுன்னு எழுதினாங்க. 2010ல அவங்க கீழ்சபைல 63 சீட்டு அள்ளினாங்க. இந்த ஊர்ல ரெண்டு கட்சிக்கும் கருமாதிப் பத்திரிகை அடிச்சு வச்சிருப்பாங்க, பேரை மட்டும் மாத்தி மாத்தி ஒட்டுவாங்க.

1952ல ஐசன்ஹோவர்கிட்ட தோத்த டெமாக்ராட் ஆட்லாய் ஸ்டீவன்சன் அன்னைக்கு ராத்திரி லிங்கன் சொன்னதா ஒரு கதை சொன்னாரு. இருட்டுல கால் விரலை இடிச்சிக்கிட்ட பையன்கிட்ட எப்படி இருக்குன்னு கேட்டாங்களாம். அழலாம்னா வயசாயிடுச்சு, சிரிக்கலாம்னா வலிக்குதுன்னானாம். அவரு 56ல திரும்பவும் நின்னு, திரும்பவும் அதே ஆள்கிட்ட, முன்னைவிட மோசமா தோத்தாரு. அதை யாரும் சொல்றதில்ல.

---

ஸ்கார்பரோ செல்வன்
3 டிசம்பர் 2024, பகல் 11.45

பரமு அண்ணை, நீங்கள் தோத்தீங்கள் சரி, அதுக்கு நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேணும்? போன கிழமை அந்தாள் கனடாவுக்கு 25 வீதம் வரி எண்டு எழுதிப்போட்டார். எங்கட பிரதமர் ட்ரூடோ வெள்ளிக்கிழமை விழுந்தடிச்சு ஃப்ளோரிடாவுக்கு பறந்து போய் சேர்ந்து சாப்பிட்டிட்டு வந்திருக்கிறார். இண்டைக்கு செய்தி, வரி பிடிக்காட்டி 51வது மாநிலமா வந்து சேருங்கோ எண்டு அந்தாள் பகிடி விட்டவராம். நான் வேலை செய்யிறது கார் பாகம் செய்யிற இடம், ஒரு பாகம் வண்டியில ஏறமுன்னம் எத்தினை தரம் வின்ட்சர் பாலத்தைத் தாண்டுது எண்டு எனக்குத்தான் தெரியும். எங்கட ஏற்றுமதியில முக்கால் பங்கு உங்கட நாட்டுக்கு.

இதில என்ன பகிடி எண்டால், எங்கட சித்தப்பா போன மாசம் வரைக்கும் ட்ரம்ப் வந்தால்தான் உலகம் திருந்தும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். நேற்று போன் எடுத்து, "அவர் உதை எங்களுக்குச் சொல்லேல்லையடா, மெக்சிகோவுக்குத்தான் சொன்னவர்" எண்டுறார்.

---

டல்லாஸ் பாண்டி
28 டிசம்பர் 2024, இரவு 11.10

அண்ணே இழைய தூசி தட்டுறேன். கிண்டல் பண்ண வருவீங்கன்னு தெரியும், அதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன்.

நம்ம சென்னைப் பையன் ஸ்ரீராம் கிருஷ்ணன், எஸ்ஆர்எம்ல படிச்சவன், அவனை ஏஐ விஷயத்துக்கு ட்ரம்ப் ஆலோசகரா போட்டாரு. வீட்டுல பாயசம் வைக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல எங்க பக்கத்து ஆளுங்களே அவனைப் போட்டு கிழிக்கிறாங்க. அவன் மட்டுமில்ல, எச்1பி வேலை விசால வந்தவன் எல்லாரும் வேலைய திருட வந்தவனாம். மஸ்க்கும் விவேக் ராமசாமியும் நமக்கு சப்போர்ட்டுக்கு வந்தாங்க, அதுல விவேக் என்ன எழுதுறாரு, கணக்குல ஜெயிக்கிறவனை விட்டுட்டு அழகு ராணிய கொண்டாடுற கல்ச்சர் இதுன்னு, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் அமெரிக்காகாரனுக்கு பாடம் எடுக்குறாரு. அண்ணே, இதைத்தானே உங்க கதவுப் பெரியவர் ஹோம்வொர்க்னு சொன்னாரு? உங்க வியாதி எங்களுக்கும் தொத்திடுச்சு.

ரெண்டு நாளா எக்ஸ் தளத்துல என் மூஞ்சி போட்டோவ எடுத்துட்டு கொடிய வச்சிருக்கேன். நான் லைன்ல நின்னு வந்தவன்னு எழுதினா ஒருத்தன், லைனே இருக்கக் கூடாதுங்கறான். சனிக்கிழமையும் அதுவுமா தூக்கம் போச்சு. சரி, சிரிங்க.

---

பார்சிப்பனி பரமு
29 டிசம்பர் 2024, காலை 9.40

சிரிக்கல பாண்டி. (ராத்திரி படிச்சப்ப சிரிச்சேன், காலைல இல்ல.) அந்தப் பையனை திட்டுறவன்ல பாதி பேர் என் பேரைப் பாத்தா என்னையும் அதேதான் சொல்லுவான், உன் ஓட்டு எங்க என் ஓட்டு எங்கன்னு கேட்டு பிரிச்சு வைக்கப் போறதில்ல. போட்டோவ திரும்ப போடு.

நேத்து முடி வெட்டப் போனேன். இந்த தடவை கேட்டுட்டேன், யாருக்கு போட்டீங்கன்னு. கண்ணாடில என்னையே பாத்துட்டு, "எட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்குற"ன்னாரு. ட்ரம்புக்குத்தான். வாடகை 1,400 இருந்தது 2,300 ஆச்சுன்னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் பேசினாரு, நான் கதவைப் புடிச்ச மாதிரியே தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு இடத்துல மட்டும் எதிர்த்து பேசிட்டேன், அதான் இடது காது பக்கம் கொஞ்சம் ஒட்ட வெட்டியிருக்கு.

நோட்டீஸ் பெட்டி இன்னும் கராஜ்ல இருக்கு. போன்ல இன்னைக்கு காலைல கூட மெசேஜ், யாரோ ஒரு கமிட்டி, "பரமு, நள்ளிரவுக்குள்ள 7 டாலர் கொடுத்தா நாலு மடங்கு ஆக்குவோம்"னு. எதுக்குன்னு போடல.

---

டல்லாஸ் பாண்டி
29 டிசம்பர் 2024, காலை 9.52

'ஸ்டாப்'னு பதில் அனுப்புங்கண்ணே, நின்னுடும்.

---

பார்சிப்பனி பரமு
29 டிசம்பர் 2024, காலை 10.01

அனுப்பினேன். மன்னிக்கணும்னு சொல்லி இன்னொரு நம்பர்ல இருந்து 15 டாலர் கேக்குறாங்க.